கோயில் வாசலில் பதினான்கு சோடி

ஜெர்மனியின் எசன் நகரில் முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் பதினோரு வருடமாக மரக்கறி வெட்டிவந்த பீலிக்ஸ், வீட்டுச் சாப்பாட்டு மேசையில், ஒரு பலகைமேல், பிரெஞ்சுக் கிராமம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார். அந்த மேசையில் சோறு வைத்து இரண்டு வருடமாகிவிட்டது. மனைவி கொறற்றியும் மகள் சாண்ட்ராவும் குசினி மூலையில் கோப்பையைக் கையில் பிடித்துச் சாப்பிடப் பழகியிருந்தார்கள்.

நோர்மண்டி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நான்கு, கோடை. ஒடுக்கமான ஒரு ஒழுங்கை, மூன்று வீடு, கூரையில் பாதி போன ஒரு மாதா கோயில். எல்லாம் நிஜ அளவில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு.

"பிரெஞ்சுக்காரனுக்கு வீடு கட்டிக் குடுக்கிறியள் அத்தான். எங்கட ஊரில விழுந்ததை ஆர் கட்டுறது?" என்று கொறற்றியின் தம்பி யூட்சன் வரும்போதெல்லாம் சீண்டுவான்.

"எங்கட ஊர் பெட்டியில வாறேல்லையடா. வந்தா வாங்குவன்."

பெட்டியில்தான் எல்லாம் தொடங்கியது. மன்னாரிலிருந்து தொண்ணூறில் வந்து, வேலை செய்ய அனுமதியில்லாமல் அகதி விடுதியில் கிடந்த நாட்களில், யாரோ தானமாகக் கொடுத்த விளையாட்டுச் சாமான்களுக்குள் பாதி ஒட்டிய பிளாஸ்ரிக் டாங்கி ஒன்று, பெட்டியும் செய்முறைத் தாளுமாக இருந்தது. 'ஒட்டவும், காயவிடவும், பின்னர் வர்ணம் பூசவும்.' அவர் முதலில் படித்த ஜெர்மன் அந்தத் தாளில் இருந்ததுதான். டாங்கிகள் சில வருடத்தில் அலுத்துவிட்டன. டாங்கிக்குப் பின்னால் நிற்கிற சுவரைச் செய்யத்தான் கை போனது. மாதத்தின் முதல் சனிக்கிழமை பியர்க்கடைப் பின்னறையில் கூடும் மாதிரிப்பொருள் செய்வோர் சங்கத்தில் பன்னிரண்டு பேர். அதில் டாங்கியே இல்லாமல் யுத்தம் செய்த ஆள் அவர் ஒருவர்தான்.

அந்த வருடம், இரண்டாயிரத்து ஆறில், சங்கம் ஒரு முடிவு எடுத்தது. அடுத்த யூனில் நோர்மண்டியில் ஒரு சிறு பட்டணத்தில் கண்காட்சி. ஒரே ஒரு வேலைப்பாட்டை அனுப்பலாம். எதை என்று வாக்கெடுப்பில் பார்ப்போம்.

பீலிக்ஸுக்கு அது வேண்டியிருந்தது. அவர் கட்டியதெல்லாம் மூன்று கறுப்புவெள்ளைப் படங்களையும் ஒரு நூலகப் புத்தகத்தையும் பார்த்து. வர்ணங்கள் அவரே யோசித்துப் போட்டவை. சரியா பிழையா என்று சொல்ல எசனில் ஆளில்லை. அந்தப் பக்கத்து ஆள் ஒருவர் பலகைக்கு முன்னால் நின்று, 'ஓம், இப்படித்தான் இருந்தது' என்று சொல்வதை ஒருமுறை கேட்க வேண்டும்.

வாக்கெடுப்புக்கு முன் சங்கத் தலைவர் புறூக்மன் வீட்டுக்கு வந்தார். ஓய்வுபெற்ற நில அளவையாளர். பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து, கொறற்றி பொரித்து வைத்த றோல்ஸில் மூன்றைச் சாப்பிட்டபடி, கூரை ஓடு, ஜன்னல் பலகை, கிணறு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். கோயில் படியில் கண்ணாடி நின்றது.

"ஹெர் பீலிக்ஸ், இவை என்ன?"

"சப்பாத்துகள். பதினான்கு சோடி."

ஒவ்வொன்றும் எட்டு மில்லிமீற்றர். ஊசிமுனையால் லேஸ்கூடக் கீறியிருந்தார்.

"யாருடையவை?"

"உள்ளே ஒளிந்திருக்கிற ஆட்களுடையவை."

"ஏன் கழற்றினார்கள்?"

அந்தக் கேள்வியே பீலிக்ஸுக்கு விளங்கவில்லை. "கோயில் அல்லவா?" என்றார்.

புறூக்மன் கண்ணாடியைக் கீழே வைத்தார். சிரிக்கவில்லை. பிரான்சில் யாரும் கோயில் வாசலில் சப்பாத்துக் கழற்றுவதில்லை, இங்கேயும் இல்லை என்று மெதுவாகச் சொன்னார். வாக்கெடுப்புக்கு இன்னும் இரண்டு கிழமை இருக்கிறது என்பதையும் சொல்லிவிட்டுப் போனார்.

கதவு சாத்தியதும் கொறற்றி சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டாள்.

"பதினாறு வருசமா இஞ்ச சப்பாத்தோடதானே பூசைக்குப் போறியள்! ஒரு சனம் கழட்டினதைக் கண்டனீங்களோ?"

"அது இஞ்ச."

"அப்ப பிரான்ஸ் என்ன, மன்னாரோ?"

பீலிக்ஸ் ஒரு சோடியை நகத்தால் தொட்டார். தலையைக் கேட்காமல் கை வைத்த சப்பாத்துகள் அவை. ஊரில் செல் குண்டு விழுந்த காலையில் சனம் கோயிலுக்கு விழுந்தடித்து ஓடியது. அந்த ஓட்டத்திலும் படியில் ஒரு கணம் நின்று, செருப்பை உதறிவிட்டுத்தான் உள்ளே போனார்கள். அவரும் உதறினார். வெளியே வந்தபோது எல்லாம் சிதறிக் கிடந்தன. ஒரு காலில் தன்னுடையது, மறு காலில் யாரோ ஒரு பெண்ணின் நீலச் செருப்பு. அந்தச் சோடியோடுதான் கொழும்புவரை வந்து சேர்ந்தார்.

"விடுங்கோ அத்தான். உங்கட கோயில், உங்கட செருப்பு. அவன் ஆர் கேக்க?" என்றான் அன்றிரவு வந்த யூட்சன்.

ஆனால் முந்தின மாதம் ரீவியில் மன்னார் என்று சொல்லி வேறெங்கோ ஒரு கடற்கரையைக் காட்டியபோது, "அது எங்கட இடமில்லையடா!" என்று ரிமோட்டைச் சோபாவில் எறிந்தவர் பீலிக்ஸ். அந்த எறி அவருக்கு மறக்கவில்லை.

"ஆரோ ஒருத்தன்ர சண்டைக்குள்ள என்ர செருப்பைக் கொண்டுபோய் வைக்க ஏலாது," என்றார்.

மெல்லிய கத்தியால் ஒவ்வொன்றாகக் கிளப்பினார். சப்பாத்துகளை ஒட்டிய பிறகே படி பழசாகத் தெரியப் புகைத்தூள் தூவியிருந்ததால், அவை இருந்த இடத்தில் கல் வெள்ளையாகத் தெரிந்தது. இருபத்தெட்டுச் சின்ன அடையாளம். மறைக்க வர்ணம் குழைத்தார். தூரிகையைத் தோய்த்தார். பிறகு கழுவி வைத்துவிட்டார்.

இன்னொரு சிக்கல் இருந்தது. சப்பாத்து இல்லாவிட்டால் உள்ளே ஆள் இருப்பது எப்படித் தெரியும்?

"வண்டில் வையுங்கோ," என்றாள் கொறற்றி, உடுப்பு மடித்தபடி. "சாண்ட்ரா குழந்தையா இருக்கேக்க படியில ஏத்த ஏலாமல் நாங்கள் வெளியிலதானே விட்டனாங்கள்."

செப்புக் கம்பியில் சில்லு வளைத்து இரண்டு குழந்தை வண்டில் செய்தார். வாக்கெடுப்பில் ஏழுக்கு நான்கு என்று அவருடைய கிராமம் வென்றது; அவர் தன் வாக்கைப் போடவில்லை.

யூனில் புறூக்மனும் அவரும் வாடகை வான் ஒன்றில் பலகையை ஏற்றிக் கொண்டுபோய் அந்தப் பட்டணத்து மண்டபத்தில் இறக்கினார்கள். இரண்டாம் நாள் ஊன்றுகோலோடு ஒரு அம்மா வந்தார். எழுபத்தைந்து வயது இருக்கும். நெடுநேரம் நின்று பார்த்துவிட்டு, கோயில் வாசலை விரலால் காட்டி ஏதோ சொன்னார். கொஞ்சம் பிரெஞ்சு தெரிந்த புறூக்மனுக்கு முகம் சுருங்கியது.

"வண்டில் பிழை என்கிறார். யாரும் வெளியே விடவில்லையாம். பாணும் உருளைக்கிழங்கும் அதற்குள்தானே இருந்தன. உள்ளே இழுத்துக்கொண்டு போனார்களாம். அவருக்கு அப்போது பன்னிரண்டு வயது."

பீலிக்ஸ் கத்தியை எடுத்து, அந்த அம்மா பார்த்திருக்கவே இரண்டு வண்டிலையும் கிளப்பிச் சட்டைப்பையில் போட்டார். வாசல் வெறுமையானது. அந்த அம்மா குனிந்து படியைப் பார்த்தார்.

"இந்த வெள்ளை அடையாளங்கள் என்ன என்று கேட்கிறார்."

"முதலில் வேறொன்று வைத்திருந்தேன். அதுவும் பிழை."

அந்த அம்மா ஊன்றுகோலால் தரையில் ஒருமுறை தட்டினார். அவை இருக்கட்டும், இவ்வளவு சனம் ஏறின படி தேயாமல் இருக்குமா என்று சொன்னாராம்.

"மற்றதெல்லாம்?" என்று பீலிக்ஸ் கேட்டார்.

புறூக்மன் கேட்டார். அந்த அம்மா ஒழுங்கையைத் தொடக்கத்திலிருந்து இன்னொருமுறை பார்த்தார்.

"ஒழுங்கை இன்னும் ஒடுக்கமாம். கிணறு இந்தப் பக்கம் இல்லையாம், மற்றப் பக்கமாம். ஜன்னல் பலகைகளின் நீலம் சரியாம். அதே நீலமாம்."

பின்னேரம் கொறற்றி தொலைபேசியில் வந்தாள்.

"என்னவாம்?"

"உம்மட வண்டில் பிழையாம்."

"ஓகோ. கோயில் வாசலில சப்பாத்து வைச்ச ஆள் சொல்லுறார்."

"நீலம் சரியாம்."

"எந்த நீலம்?"

"ஜன்னல்."

"ம். இஞ்சருங்கோ, மேசைக்குத் துணி விரிச்சுப்போட்டன். உந்தக் கிராமத்தைத் திருப்பிக் கொண்டுவந்து அதில வைக்கிற எண்ணம் இருந்தா இப்பவே சொல்லுங்கோ."

பீலிக்ஸ் சட்டைப்பையைத் தொட்டார். செப்புக் கம்பி குத்தியது.

"கட்டிலுக்குக் கீழ இடமிருக்கோ?" என்று கேட்டார்.