பாவு விரித்த தெருவில் பஸ்

காலை ஆறரைக்கு சௌடையா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தெரு நடுவில் நின்று, பாளையம்பட்டியிலிருந்து வரும் பஸ்ஸின் மூக்கில் உள்ளங்கையால் தட்டுகிறார். "நில்லுய்யா! பாவு ஈரமா இருக்கு. கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு?" டிரைவர் ஹாரனை அமுக்குகிறார். இவர் நகர்வதில்லை.

அருப்புக்கோட்டையில் இந்த வார்டின் கவுன்சிலர் அவர். தறிக்காரர். வீட்டில் கன்னடம், கோபம் மட்டும் தமிழில்தான் வரும். இப்போதெல்லாம் வீட்டிலும் தமிழ்தான்.

கோபம் வராமல் என்ன செய்யும்? கடைத்தெருவில் நெரிசல் என்று, முனிசிபல் இஞ்சினியர் ராஜகுரு இந்த எழுபத்திரண்டாம் வருஷத் தையில் பஸ்களை இந்தத் தெருவுக்குத் திருப்பிவிட்டார். அளக்க வந்தது பகல் இரண்டு மணிக்கு. தெரு வெறிச்சென்று கிடந்தது. அகலம் இருபத்திரண்டு அடி, தாராளம் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். விடிந்ததிலிருந்து ஒன்பது மணிவரை இதே தெருவில் தறிக்கான நூலைப் பாவாக நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டுக் காயவைப்பார்கள் என்பது இங்கே பச்சைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். படித்தவருக்குத் தெரியவில்லை; கேட்கவும் இல்லை. ஈரப் பாவு மண்ணில் விழுந்தால் ஒரு வீட்டின் ஒரு மாதச் சோறு போச்சு.

போன வாரம் பஸ் இடித்து, இதே தெருத் தறிக்காரி லிங்கம்மாளுக்குக் கால் எலும்பு முறிந்தது. பாவைக் கீழே போட மனசில்லாமல் பிடித்துக்கொண்டே நின்றிருக்கிறாள், பாவி மகள்.

"ஒம்பது மணி வரைக்கும் பஸ்ஸு வேண்டாம்னு கவுன்சில்ல தீர்மானமே போட்டாச்சு," என்று கத்துகிறார் சௌடையா. "அதுக்குக் கீழ, 'போக்குவரத்து நுணுக்கம் அறியாதோர் கோரிக்கை'ன்னு எழுதி அனுப்பிட்டான் அந்த இஞ்சினியர் மகராசன். மேல இருக்கவுக அதையே நம்புறாக. அப்புறம் எதுக்குய்யா எனக்கு ஓட்டு?"

இதே தெருக்காரன் எனக்கும் அவர் கேட்பது நியாயமாகத்தான் படுகிறது. கவுன்சிலர்கள் எல்லாரும் யோக்கியர்கள் என்று சொல்லமாட்டேன். தன் கடைவாசலுக்கு பஸ் ஸ்டாப்பை இழுத்துக்கொண்டவரையும் பார்த்திருக்கிறேன். அங்கெல்லாம் இஞ்சினியரின் அளவு டேப் வேண்டியதுதான். அதற்காக அந்த டேப்பைக் காலை நேரத்தில் வந்து பிடிக்கக் கூடாதென்று சட்டமா?

நேற்று ஒருவழியாக ராஜகுரு காலை ஏழு மணிக்கு ஜீப்பில் வந்து இறங்கினார். பாவைப் பார்த்தார். "ரோடு ரோடாத்தான் இருக்கணும், கவுன்சிலர். இதையெல்லாம் ஓரமா எடுத்துவைக்கச் சொல்லுங்க."

சௌடையா நேரே பாவின் பக்கம் போனார். பாவின் நுனிக் கம்பைப் பிடித்திருந்த லிங்கம்மாள் புருஷனிடமிருந்து அதை வாங்கி, இஞ்சினியரின் இரண்டு கைகளிலும் வைத்தார்.

"விட்றாதீக சார், மண்ணுல விழுந்துரும்."

வெள்ளைச் சட்டையில் கஞ்சி சொட்டியது. முதுகுக்குப் பின்னால் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. சௌடையா தெருவோரம் போய்க் கைகட்டி நின்றார்.