கந்தப்பளையிலிருந்து நோட்டனுக்கு ஒரு சிவப்புக் கார்

கொழும்புக் கோட்டையில் ஆறு மணிக்குச் சற்று முன்பாகப் புறப்பட்ட ரயில், பதினொரு மணி தாண்டி என்னை ஹட்டனில் இறக்கிவிட்டது. ஒரு பழைய கார் வாங்க வந்திருந்தேன். மாதம் ஒரு தடவை பந்தயத் தடத்தில் ஓட்டவும், மற்ற வார இறுதிகளில் மனைவியோடு ஊர் சுற்றவும் பொருந்துகிற வேகமான கார். தடத்தில் நான்கு சுற்று முழு வேகத்தில் ஓடிய பிறகும் அதன் பிரேக் மிதி தரையைத் தொடக்கூடாது. அதே கார் கொழும்பு வெள்ளவத்தை நெரிசலில் அரை மணி நேரம் நின்றாலும் கொதிக்கக்கூடாது. இரண்டுக்கும் ஒரே கார் கிடைக்கும் என்று எட்டு மாதமாக நம்பித் திரிகிற ஆள் நான் ஒருவன்தான் என்பது என் மனைவியின் கேலி.

மேடையில் என் தம்பி செல்வம் நின்றிருந்தான். பதினாறு வருடம் வேன் ஓட்டியவன். போன வருட மழையில், ஹட்டனிலிருந்து நோட்டன் பிரிட்ஜுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது எதிரே ஒரு பஸ் ஏறி வந்தது. மலையில் இறங்குகிற வண்டிதான் ஏறுகிற வண்டிக்கு வழி விட வேண்டும். அவன் பள்ளத்துப் பக்கமாக ஒதுங்கினான். ஊறியிருந்த ஓரம் சரிந்து வேன் தேயிலைக்குள் உருண்டது. முன் சீட்டில் இருந்த சின்னையா என்ற தோட்டத் தொழிலாளி இறந்துபோனார். செல்வத்தின் மேல் குற்றமில்லை என்று வழக்கு முடிந்தது. சின்னையாவின் மனைவி பூமாலையே, "தம்பி மேல தப்பில்ல" என்று எல்லோரிடமும் சொன்னார். ஆனாலும் அன்றிலிருந்து அவன் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. ஹட்டனில் ஒரு மளிகைக் கடையில் பருப்பு நிறுத்துக்கொண்டிருக்கிறான்.

கார் பார்க்கத் துணைக்கு வா என்று அவனை அழைத்தது ஒரு சாக்குத்தான். நல்ல வண்டியைக் கண்டால் கை தானாக நீளாதா என்று எனக்கு ஒரு நப்பாசை.

ஹட்டனிலிருந்து நுவரெலியா சுமார் நாற்பத்தைந்து கிலோமீற்றர். பஸ்ஸில் ஜன்னலோர இருக்கையை அவனுக்குக் காட்டினேன். "வேணாம்ணே, நீங்க உக்காருங்க" என்று உள்பக்கம் அமர்ந்துகொண்டான். தலவாக்கலை தாண்டியதும் குளிர் ஏறியது. பள்ளம் தெரிகிற வளைவுகளில் எல்லாம் அவன் தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தான். நுவரெலியாவில் ரொட்டியும் சம்பலும் தின்று, அறுபது ரூபாய்க்குப் பால் விடாத ஒரு பிளேன்டீ குடித்தோம். அங்கிருந்து கந்தப்பளைக்குப் பன்னிரண்டு கிலோமீற்றர், லீக்ஸ் பாத்திகளுக்கும் தேயிலைக்கும் நடுவே இன்னொரு பஸ்.

கார் நிஸார் பாயுடையது. கந்தப்பளையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறார். முதுகு வலியால் விற்கிறார். ஜப்பானில் செய்த சிவப்பு நிற இரண்டு கதவுக் கார், வயது இருபதுக்கு மேல். விலை அறுபத்தெட்டு இலட்சம். பின்னால் வீட்டு அலமாரிப் பலகை அளவுக்கு ஒரு இறக்கை பூட்டியிருந்தது.

குளிர்ந்த எஞ்சினைத்தான் முதலில் கேட்க வேண்டும். விற்கிறவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் அங்கேயே சந்தேகப்படலாம். பொனட்டைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. பாய் எஞ்சினைக் கிளப்பினார். டிக்கிக் கம்பளத்தைத் தூக்கித் துரு பார்த்தேன். முன் தூண்களில் வெல்டிங் தடம் உண்டா என்று விரலால் தடவினேன். டயர் செய்த வருடத்தை அதன் பக்கவாட்டில் படித்தேன். எல்லாம் சரியாக இருந்தது. செல்வம் கைகளைக் காற்சட்டைப் பைகளுக்குள் விட்டபடி எஞ்சினின் ஓசையை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தான்.

"டவுன் பக்கம் போகாதீங்க தம்பி, சத்தத்துக்குப் பொலிஸ் மறிக்கும். கீழ தோட்ட ரோட்ல ஓட்டிப் பாருங்க" என்று பாய் சாவியைத் தந்தார்.

சாவியைச் செல்வத்திடம் நீட்டினேன். அவன் இடப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டான்.

தோட்ட ரோடு ஒரு வண்டி அகலம்தான். இடப்பக்கம் பள்ளம். இரண்டாம் கியரில் கார் அழகாக இறங்கியது. மூன்று வளைவுகளுக்கு நான் தம்பியை மறந்தே போனேன், உண்மையைச் சொல்வதில் வெட்கமில்லை. நான்காவது வளைவில் தேயிலைக் கொழுந்து ஏற்றிய லொறி ஒன்று முனகிக்கொண்டு ஏறி வந்தது. வழக்கப்படி நான் ஸ்டியரிங்கைப் பள்ளத்துப் பக்கம் திருப்பினேன். செல்வத்தின் கை அதன் மேல் வந்து விழுந்தது.

"ஓரத்துக்கு எடுக்காதீங்கண்ணே."

பிரேக்கை மிதித்தேன். அவன் இறங்கிப் போய்ப் புல் மூடிய ஓரத்தைக் காலால் மிதித்துப் பார்த்தான். மண் பொலபொலவென்று கீழே போயிற்று. அப்படியென்றால் வந்த வழியே மேலே பின்னுக்குப் போக வேண்டும். பந்தயக் கிளட்ச் சட்டென்று பிடித்ததில் இரண்டு தடவை எஞ்சின் அணைந்துவிட்டது. கண்ணாடியில் இறக்கையைத் தவிர எதுவும் தெரியவில்லை. லொறிக்காரர் பொறுமையாகக் காத்திருந்தார். செல்வம் என் பக்கம் வந்து கதவைத் திறந்தான்.

"இறங்குங்க."

தலையை வெளியே நீட்டி, வளைவு முழுவதும் மலைச்சுவரை ஒட்டியே பின்னுக்கு எடுத்து, மேலே குடைந்திருந்த ஒதுக்கில் காரை நிறுத்தினான். லொறி கடந்து போனது. அதன் டிரைவர் ஒரு கையைத் தூக்கிவிட்டுப் போனார். நான் மூச்சிரைக்க ஏறி வந்தபோது எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தோளில் தட்டப் போனேன். அவன் எஞ்சினை அணைத்தான்.

"அன்னிக்கும் இப்பிடி எடுத்திருக்கலாம்ணே" என்றான். "பின்னுக்கு இருபது அடியில கொழுந்து நிறுக்குற எடம் இருந்துச்சு. லொறியே நிக்குற எடம். மழை, எல்லாருக்கும் வீட்டுக்குப் போற அவசரம். யாரு பின்னுக்கு எடுத்துக்கிட்டு இருக்குறதுன்னு ஒதுங்கிட்டேன்."

"நீ வழக்கப்படிதானே செஞ்ச?"

"அதைத்தான் கோர்ட்டுலயும் சொன்னாங்க."

இத்தனை மாதமாக அவனுக்குப் பயம் என்றே நினைத்திருந்தேன். எத்தனை தடவை 'உன் மேல் தப்பில்லை' என்று போனில் சொல்லியிருப்பேன்! ஒவ்வொரு தடவையும் அது அவனைக் குத்தியிருக்கும்.

"வண்டி நல்ல வண்டி, எடுங்க" என்று சொல்லிவிட்டு இடப்பக்கம் போய் உட்கார்ந்தான். எடுத்தேன். வங்கி வழியாகப் பணம் போனதும் நிஸார் பாய் நான்கு எலுமிச்சம்பழம் கொண்டுவந்து, "ஒங்க ஆளுங்க வழக்கம்தானே" என்று சக்கரங்களுக்குக் கீழே தானே வைத்தார். மூன்றரை மணிக்குப் புறப்பட்டோம்.

கொழும்பில் வழி விடுகிறவனை ஏமாளி என்போம். நுவரெலியாவிலிருந்து ஹட்டன் வரை, ஏறி வந்த ஒவ்வொரு லொறிக்கும் முச்சக்கர வண்டிக்கும் அகலமான இடம் பார்த்து நின்றேன். இவ்வளவு வேகமான காரை இவ்வளவு மெதுவாக யாரும் ஓட்டியிருக்க மாட்டார்கள். ஹட்டன் தாண்டி, செல்வத்தின் வீடு இருக்கிற நோட்டன் பக்க ரோட்டில் திரும்பியபோதுதான் அவன் வாயைத் திறந்தான்.

"பூமாலை அக்கா வீட்டுக்கு விடுங்கண்ணே. அவங்ககிட்ட சொல்லணும்."

"இப்பச் சொல்லி என்னடா ஆகப்போகுது?"

"தப்பில்லன்னு ஊரெல்லாம் சொல்றாங்க. தெரியாமச் சொல்றாங்கண்ணே."

வேன் உருண்ட வளைவுக்குச் சற்று மேலே, பிரதான வீதியிலிருந்து பிரிகிற ஒரு ஒடுங்கிய பாதையின் முடிவில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயம் இருந்தது. தாழ்வான கார், அடியில் கல் உரச உரச ஓட்டிப்போய் நிறுத்தினேன். அவன் மட்டும் இறங்கி, மூன்றாவது அறையின், அதாவது காம்பராவின், கதவைத் தட்டினான். திறந்த பெண் தலையில் துண்டோடு நின்றார். உள்ளே போனார்கள். இருட்டிக்கொண்டு வந்தது. எனக்குப் பயமாக இருந்தது. உள்ளேயிருந்து அழுகையோ சண்டையோ கேட்கும் என்று காத்திருந்தேன். எதுவும் கேட்கவில்லை.

திரும்பி வந்தவன் கார் அருகில் நின்றான்.

"சொல்லிட்டியா?"

"சொன்னேன். பின்னுக்கு எடம் இருந்துச்சு, நான்தான் எடுக்கலன்னு."

"என்ன சொன்னாங்க?"

"'தெரியும் தம்பி'ன்னாங்க. 'தெனமும் அங்கதானே நான் கொழுந்து நிறுக்குறேன்'னாங்க. டீ ஊத்திக் குடுத்தாங்க. குடிச்சிட்டுத்தான் வந்தேன்."

லயத்து வாசலைப் பார்த்தேன். கதவு திறந்தே இருந்தது. அந்த இடத்தில் கூடையோடு நின்று, சரிந்த ஓரத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் அவர் 'தப்பில்லை' என்று சொல்லி வந்திருக்கிறார்.

அங்கே காரைத் திருப்ப இடமில்லை. பாதை முழுவதும் பின்னுக்குத்தான் போக வேண்டும்.

"இறங்குங்கண்ணே, நான் எடுக்குறேன்" என்றான்.

பிரதான வீதிக்கு வந்ததும் சாவியைத் தந்துவிடுவான் என்று நினைத்தேன். தரவில்லை, நோட்டன் பக்கமாக இறங்கினான். வளைவுக்குக் கீழே பஸ் ஹோர்ன் கேட்டது. கொழுந்து நிறுக்கும் இடத்துக்குள் காரை ஒதுக்கி எஞ்சினை அணைத்தான். பஸ் ஏறி வந்து எங்களைக் கடந்தது. அதன் பின்விளக்கு மறையும்வரை அவன் சாவியைத் தொடவில்லை.