ஹெப்ரான் சார் ஃபோர்க் சீல் மாற்றிய சனிக்கிழமை

மனிதனுடைய பொறுமையைச் சோதிக்கவென்றே ஒரு போல்ட்டைச் செய்து, அதைப் பைக்கின் முன் சக்கரத்தை இருபுறமும் தாங்குகிற ஃபோர்க்குக்கு அடியில், கண்ணுக்கும் கைக்கும் எட்டாத ஆழத்தில் வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஹெப்ரான் சார் அந்த போல்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அலன் சாவியைத் திருப்பினால் போல்ட்டும் சுற்றியது, உள்ளே இருந்த குழாயும் கூடவே சுற்றியது. கழன்று மட்டும் வரவில்லை. ஒரு கெட்ட வார்த்தை நாக்கு நுனி வரை வந்து, நாளைய பிரசங்கம் ஞாபகம் வந்ததால் "ஆண்டவரே" என்று முடிந்தது.

வார நாட்களில் அவர் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்துக் கிளார்க். ஞாயிற்றுக்கிழமை வேறு ஆள். நாங்குநேரிப் பக்கம் கிருபாபுரம் என்று ஒரு சின்ன ஊர். முப்பது வீடு, ஒரு கிறிஸ்தவக் கோயில். குருவானவர் மாதத்துக்கு ஒருமுறைதான் அங்கே வருவார். மற்ற ஞாயிறுகளில் ஆராதனை நடத்துவது ஹெப்ரான் சார். எட்டு மணி ஆராதனைக்கு அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிற பஸ் கிடையாது. அவருக்கு இருந்தது இந்தப் பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டிதான். அவர் வாய்க்கால் பாலத்தைத் தாண்டவும் கோயிலில் ஆராதனைக்குக் கூப்பிடுகிற இரண்டாம் மணி அடிக்கவும் சரியாக இருக்கும். அந்த மணி கேட்டால் போதும், கைக்கடிகாரத்தைப் பார்க்கவே மாட்டார். பதினோரு வருஷமாக ஒரு வாரம் பிசகியதில்லை. பள்ளிக்கூடத்தில் பிந்தி வருகிற வாத்தியார்களிடம் இதைச் சொல்லிக்காட்டாமல் அவருக்குத் தூக்கம் வராது.

அந்த வண்டிதான் மானத்தை வாங்கியது. முன்பக்கம் இரண்டு ஃபோர்க்கிலும் ஆயிலை அடைத்து நிறுத்துகிற சீல் என்னும் ரப்பர் வளையம் தேய்ந்துபோய், ஆயில் கசிந்து வெள்ளைப் பேண்ட்டில் தெறித்தது. போன வாரம் பரிசுத்தத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்தபோது முழங்காலுக்குக் கீழே முழுக்கக் கறை.

"பூதலிங்கம் அண்ணாச்சிகிட்ட விட்டா அரை நாள்ல முடிச்சுத் தருவாரு" என்றாள் அவர் மனைவி சுகிர்தா. பூதலிங்கம் அடுத்த தெருவில் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர்.

"போன தடவை அவர் போட்ட சீலு ஆறு மாசத்துல ஒழுகிட்டு. நானே மாத்துதேன். பள்ளிக்கூடத்தையே நடத்துதேன், இது என்ன பெரிய வேலை?"

"அப்போ நாளைக்கு என் ஸ்கூட்டர்ல போங்க."

சுகிர்தாவுடையது பேட்டரி ஸ்கூட்டர். ஹெப்ரான் சார் அதை ஒரு வண்டியாகவே மதித்ததில்லை. "அது வாரது ரோட்டுல போற எருமைக்குக்கூடத் தெரியாது" என்றார்.

"உங்க வண்டி சைலன்சர் ஓட்டை. நீங்க வாரது தாமிரபரணிக்கு அந்தப் பக்கமே தெரியும்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

கிளார்க் என்றால் கிளார்க்தான். கழற்றிய ஒவ்வொரு சாமானையும் பழுப்புக் கவரில் போட்டு, எண் எழுதி, தேதியும் போட்டுக் கையெழுத்தும் வைத்திருந்தார். மொத்தம் பதினான்கு கவர். யாரும் தணிக்கைக்கு வரப்போவதில்லை. இருந்தாலும் கை சும்மா இருக்கவில்லை. ஒருவழியாக அந்த போல்ட் கழன்றதும், ஒழுகுகிற பழைய சீல்களை ஸ்குரூடிரைவரால் நெம்பிக் குதறி எடுத்துத் தூர வீசினார். அவற்றுக்கு மட்டும் கவர் போடவில்லை. குப்பைக்கு எதற்கு எண்?

இரண்டு மணிக்குப் புது சீல்களைக் கையில் எடுத்தபோதுதான் திக்கென்றது. சீலின் ஒரு பக்கம் தட்டை; மறுபக்கம் பள்ளமாக, உள்ளே சின்னதாக ஒரு ஸ்பிரிங். எந்தப் பக்கம் மேலே? பழைய சீல்களைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாமென்றால் அவற்றைக் காணோம். கூட்டிப் பெருக்கியிருந்த சுகிர்தாவின் மேல் கோபம் வந்தது. குப்பை வண்டியின் மேல் கோபம் வந்தது. கடைசியில், கவர் என்றால் திறந்த வாய் மேலேதானே இருக்கும் என்று தீர்மானித்து, பள்ளம் மேலே பார்க்க வைத்து, பைப் துண்டால் தட்டித் தட்டி இரண்டையும் இறக்கினார். ஆயில் ஊற்றி, ஒரு ஃபோர்க்கைத் தரையில் ஊன்றி அமுக்கினார். புது சீலைச் சுற்றி ஆயில் கொழகொழவென்று மேலே வந்து சட்டையெல்லாம் நனைத்தது.

தெருவில் போன பூதலிங்கம் நின்று எட்டிப்பார்த்தார். "கவுத்துப் போட்டிருக்கியளே அண்ணாச்சி. ஸ்பிரிங் ஆயிலைப் பாத்து இருக்கணும்லா. இனி நெம்புனா கிழிஞ்சிரும். வேற சீலு செவ்வாய்க்கிழமைதான் வரும்."

அதை அவர் சிரிக்காமல் சொன்னார். சிரித்திருந்தால் ஹெப்ரான் சாருக்குச் சண்டை போடவாவது வழி கிடைத்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அவர் சுகிர்தாவின் ஸ்கூட்டரில் கிளம்பினார். வழி நெடுகப் பொருமிக்கொண்டேதான் போனார். வாய்க்கால் பாலம் வந்தது. மணி அடிக்கவில்லை. கோயில் முன்னால் போய் இறங்கினார், கதவு பூட்டியிருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார், எட்டு மணிக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. வேப்பமரத்தடியில் மணியடிக்கிற நேசையா பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்னவே நேசையா, ஆராதனை இல்லியா? இரண்டாம் மணி எங்க?"

நேசையா பதறி எழுந்தார். "சாரா! எப்பம் வந்திய? சத்தமே கேக்கலியே!"

"என் சத்தம் எதுக்கு? கோயில்ல கடிகாரம் இருக்குல்லா?"

"அது நின்னு ஆறு வருஷம் ஆச்சு சார். உங்க வண்டி பாலத்துல ஏறுத சத்தம் கேட்டாத்தான் நான் கயித்தைப் பிடிப்பேன். பொம்பளையெல்லாம் அதுக்கப்புறந்தான் அடுப்பை அமத்திட்டு வருவாவ. நீங்க பிந்தினாலும் முந்தினாலும் எங்களுக்கு அதான் நேரம்."

ஹெப்ரான் சாருக்கு முதலில் கோபந்தான் வந்தது. பதினோரு வருஷமாகத் தான் நேரம் தவறாதவன் என்று நினைத்திருந்தாரே! பிறகு, எத்தனை வாரம் பிந்தியிருப்போமோ, ஒருவர்கூட முகம் சுளிக்காமல் காத்திருந்திருக்கிறார்களே என்று தோன்றியது. கண் கலங்கியது. அதுவும் அவருக்கு எரிச்சலாகவே இருந்தது. "நிக்காதேயும், மணியை அடியும்" என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை இரண்டு ஃபோர்க்கையும் சாக்கில் சுற்றிக்கொண்டு பூதலிங்கம் ஒர்க்‌ஷாப் வாசலில் போய் நின்றார். பூதலிங்கம் வாங்கி வைத்துக்கொண்டார்.

"ஓட்டை சைலன்சரையும் மாத்திருவோமா அண்ணாச்சி? தெருவே சங்கடப்படுது."

"அதுல மட்டும் கையை வச்சிராதேயும்" என்றார் ஹெப்ரான் சார்.