விரல் விழுந்த வசனம்

எனக்கு வேதம் வாசிக்க வரும், மெதுவாக வரும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுத்துக்கு அடியில் விரலை ஓட்டி, உதடு அசைய, ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கித்தான் வாசிப்பேன். ஒரு அதிகாரத்தை முடிப்பதற்குள் அடுப்பிலிருந்து இறக்கிய சோறு ஆறிப்போகும். அதனால் ஒரு குறுக்குவழி வைத்திருந்தேன். கண்ணை மூடி, "கர்த்தாவே, பேசும்" என்று சொல்லி, வேதத்தை எங்காவது பிளந்து விரலை வைப்பேன். விரல் விழுந்த வசனம் எனக்கான பதில். எங்கள் சபையில் இந்தப் பழக்கம் உள்ளவர்கள் நிறைய பேர் உண்டு. யாரும் போதகரிடம் சொல்வதில்லை.

மலையாள மண்ணில், கழக்கூட்டத்துக் கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறேன். புது டயர் வாங்கலாமா என்று ஒருமுறை விரல் வைத்தேன். ஆசரிப்புக் கூடாரத்தின் திரைச்சீலை எத்தனை முழம் நீளம், எத்தனை முழம் அகலம் என்று வந்தது. அளவைச் சரிபார்த்து வாங்கச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். மகளுக்கு வந்த வரனைப் பற்றிக் கேட்டதற்குக் குஷ்டம் பிடித்த வீட்டின் சுவரைச் சுரண்டும் முறை வந்தது. அந்த வரனை நான் தட்டிக் கழித்த காரணம் இன்றுவரை என் மனைவிக்குத் தெரியாது.

ஜெபமும் அப்படித்தான். மாலையில் குடும்ப ஜெபத்தில் அவள் வாசிப்பாள், நான் ஜெபிப்பேன். வேனின் பிரேக், மழை, மாடியில் தண்ணீர்த் தொட்டியின் விரிசல், மகள் ஏறும் பேருந்து எந்த வழியாக வரும் என்பது வரை விளக்கமாகச் சொல்லுவேன். ஆமென் சொன்னதும் என் மனைவி, இது ஜெபமா, கர்த்தருக்கு டூட்டி போட்டுக் கொடுக்கிறதா என்று கேட்டுவிட்டுச் சோறு எடுத்து வைக்கப் போவாள்.

போன வருஷம் எனக்குக் குடலிறக்கம் என்று டாக்டர் சொன்னார். சின்ன ஆபரேஷன், மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்றும் சொன்னார். சின்ன ஆபரேஷன் என்று ஒரு டாக்டர் அழுத்திச் சொன்னால் அதற்குப் பின்னால் எதையோ மறைக்கிறார் என்று அர்த்தம். வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திவிட்டு விரல் வைத்தேன்.

நோயாய்க் கிடந்த ஒரு ராஜாவிடம் தீர்க்கதரிசி வந்து பேசுகிற இடம் அது. வீட்டுக் காரியத்தை ஒழுங்கு பண்ணிக்கொள்ளும், நீர் பிழைக்கப்போவதில்லை என்று சொல்கிறார்.

வேதத்தை மூடி வைத்தேன். பயம்தான். ஆனால் இத்தனை வருஷத்தில் இவ்வளவு தெளிவாக எனக்கு ஒரு பதில் கிடைத்ததே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

மனைவியிடம் மூச்சு விடவில்லை. வீட்டுக் காரியத்தை ஒழுங்கு பண்ண ஆரம்பித்தேன். தண்ணீர் மோட்டார் இரைந்தால் பக்கவாட்டில் எந்த இடத்தில் தட்ட வேண்டும் என்று அவளுக்குக் காட்டிக் கொடுத்தேன். கேஸ் சிலிண்டரை அவளே மாற்ற வேண்டும் என்று பக்கத்தில் நின்று பழக்கினேன். அவள் என்னை ஒருமாதிரி பார்த்தாள்.

பிறகு படம் எடுக்கப் போனேன். எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்தால் பொழுது சாய்வதற்குள் ஜங்ஷனில் படத்தோடு ஃபிளெக்ஸ் கட்டிவிடுவார்கள். லைசென்ஸில் உள்ள என் படம், எதையோ திருடிப் பிடிபட்டவனுடைய படம் மாதிரி இருக்கும். அந்த முகத்தோடு நாலு பேர் என்னை வழியனுப்பக் கூடாது என்று இருந்தது. ஸ்டுடியோக்காரப் பையனிடம், எவ்வளவு பெரிசாக்கினாலும் தெளிவாக இருக்க வேண்டும் என்றேன். எவ்வளவு பெரிசு என்று கேட்டான். ஆள் உயரத்துக்கு என்றேன். அவன் முகம் மலர்ந்தது.

"சேட்டன் வார்டு எலெக்‌ஷனில் நிக்குன்னோ? ஏது பார்ட்டி?"

இல்லை என்று சொன்னால் உண்மையைச் சொல்ல வேண்டி வரும். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன். அவனாகவே சுயேச்சை என்று முடிவு பண்ணிக்கொண்டு, என் இரண்டு கையையும் பிடித்துக் கும்பிடச் சொல்லி, சிரிக்க வைத்து எடுத்தான்.

ஆஸ்பத்திரிக்குப் பை அடுக்கும்போது அந்தப் படம் மனைவி கையில் அகப்பட்டது. அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"இது என்னது?"

"படம்."

"படம்னு கண்ணுக்குத் தெரியுது. யாரப் பாத்து இப்பிடிக் கும்பிடுதிய? எலெக்‌ஷன்ல நிக்கப் போறியளா?"

சொல்லாமல் தீரவில்லை. விரல் வைத்ததையும் விரல் விழுந்த இடத்தையும் சொன்னேன். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் வேதத்தை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"எடுங்க, எந்த வசனம்?"

எடுத்துக் காட்டினேன்.

"பெறகு?"

"பெறகு என்ன, மூடிட்டேன்."

"அடுத்த வசனம்?"

"சாவும்னு சொன்ன பெறகு எவன் அடுத்த வசனம் வாசிப்பான்?"

"இப்ப வாசிங்க" என்று பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

விரலை ஓட்டி வாசித்தேன். ராஜா சுவர்ப் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜெபம் பண்ணுகிறான். தேம்பி அழுகிறான். சொல்லிவிட்டுப் போன தீர்க்கதரிசி பாதி முற்றம்கூடத் தாண்டவில்லை. திரும்பிப் போ, அவன் கண்ணீரைக் கண்டேன், அவனுக்குப் பதினைந்து வருஷம் கூட்டிக் கொடுத்தேன் என்று கர்த்தர் சொல்கிறார். பிறகு அத்திப்பழத்தைப் பிசைந்து அவன் உடம்பில் இருந்த கட்டியின் மேல் பற்றுப் போடுகிறார்கள். ராஜா எழுந்துவிடுகிறான்.

பதினைந்து வருஷம் என்றேன். மகள் கல்யாணம் ஆகிவிடும், வேன் கடன் தீர்ந்துவிடும், பதினாறாம் வருஷத்துக்கு என்ன செய்வது என்று யோசனை போய்க்கொண்டிருந்தது. என் முகத்தைப் பார்த்தே அவளுக்கு விளங்கிவிட்டது.

"அந்தச் சாவும் ஒங்களுக்குச் சொன்னதில்ல, பதினஞ்சு வருசமும் ஒங்களுக்குச் சொன்னதில்ல. ரெண்டும் அந்த ராஜாவுக்கு உள்ளது."

"பின்ன எனக்கு இதுல என்னதான் இருக்கு?"

"அவரு பயந்து பேடிச்சுப் போய் சுவரப் பாத்து அழுதாருல்லா, அது இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பையை அடுக்கப் போனாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். அந்த ராஜாவைப் போலச் சுவரைப் பார்த்து ஜெபிப்பது என்று தீர்மானமாக இருந்தேன். பொது வார்டில் எனக்குக் கிடைத்த கட்டில் நட்டநடுவில் இருந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு நோயாளியின் முகம். சுவரோரக் கட்டிலில் பொன்முடி தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்திலிருந்து வந்த ஒருவர் படுத்திருந்தார். திருநெல்வேலிப் பக்கத்து ஆள், சிறுநீரகத்தில் கல். ஒரு விஷயம் கேட்கலாமா என்று ஆரம்பித்து, ராஜா கதையை அவரிடம் சொன்னேன். அவர் சாமி கும்பிடுகிறவர். ஆனாலும் கவனமாகக் கேட்டார்.

"அண்ணாச்சி, ஒங்க ராஜாவுக்குச் சுவரு புடிச்சிருக்கு. எனக்கு இந்த மூலையில ஃபேன் காத்து வரல. நீங்க இங்க வாங்க, நான் அங்க போறேன்" என்றார்.

இருவரும் கட்டில் மாறிக்கொண்டோம். யாரிடமும் கேட்கவில்லை.

காலையில் மனைவி தேநீர் குடிக்கப் போயிருந்த நேரம், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக் கண்ணை மூடினேன். நல்ல ஜெபம் வந்தது. அழகான வார்த்தைகள். போதகர் கேட்டிருந்தால் தலையாட்டியிருப்பார். கொஞ்ச நேரத்தில் யாரோ என்னை மெல்லத் தூக்கி வைத்தது போலிருந்தது. உடம்பு மிதந்து போனது. ஆழமான ஜெபத்தில் இப்படி ஆகும் என்று சாட்சி சொன்னவர்களைக் கேட்டிருக்கிறேன். கண்ணைத் திறந்தால் கலைந்துவிடும் என்று திறக்கவில்லை. அப்போதுதான் தலைமாட்டில் ஒரு குரல், கல்லு கொறச்சு வலியதாணு, கல் கொஞ்சம் பெரிது என்று மலையாளத்தில் யாரிடமோ சொன்னது.

கண்ணைத் திறந்தேன். தலைக்கு மேலே வராந்தாவின் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. டிராலியில் இருந்தேன். அழகான வார்த்தைகள் எல்லாம் எங்கோ போய்விட்டன.

"கர்த்தாவே, எனக்குக் கல்லு இல்ல."

உரக்கச் சொல்லிவிட்டேன். டிராலி நின்றது. கூட வந்த நர்ஸ் என் மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டையைத் திருப்பிப் பார்த்தாள், கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு பாதி வராந்தாவிலிருந்து டிராலியைத் திருப்பினார்கள்.

வார்டுக்குள் வந்ததும் கட்டில் மாறச் சொன்னது யார் என்று அவள் போட்ட சத்தத்தில், பேச முடியாமல் கிடந்தவர்கள்கூட நான் இல்லை என்றார்கள். எஸ்டேட்காரர் எழுந்து உட்கார்ந்து, ரொம்பப் பணிவாக, "ராஜா சொன்னாரு சிஸ்டர்" என்றார். அவரை அப்படியே டிராலியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

மதியம் என் முறை வந்தது. நடுக் கட்டிலிலிருந்துதான் போனேன். சொல்வதற்கு நிறைய யோசித்து வைத்திருந்தும் ஒன்றும் வரவில்லை. பேடியா இருக்கு, கூட வாரும் என்று மட்டும் சொன்னேன். அதற்குப் பிறகும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் தனியாகப் பயந்துகொண்டு கிடக்கிற மாதிரி இல்லை. இதை வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. தியேட்டரில் பெயர் கேட்டார்கள். பெயரைச் சொல்லி, இடது பக்கம், குடலிறக்கம், கல் இல்லை என்று கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன். பிறகு ஊசி போட்டார்கள்.

அடுத்த நாள் சாயங்காலம் நாங்கள் இருவரும் அவரவர் கட்டிலில் தையலோடு கிடந்தோம். என் மனைவி ஆரஞ்சு உரித்து இருவருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி, அந்தப் பதினஞ்சு வருசத்த வச்சி ராஜா என்னத்தப் பண்ணுனாரு?" என்று எஸ்டேட்காரர் கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. மனைவியைப் பார்த்தேன். அவளுக்குத் தெரியும் என்பது முகத்திலேயே தெரிந்தது. வேதத்தை எடுத்து என் கையில் வைத்தாள். உரக்க வாசித்தேன், விரலை ஓட்டிக்கொண்டு, நின்று நின்று. அவர் அவசரப்படவில்லை. ராஜா பிழைத்ததைக் கேள்விப்பட்டுத் தூரதேசத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். இவன் பொக்கிஷ அறையைத் திறந்து பொன், வெள்ளி, ஆயுதம் என்று எல்லாவற்றையும் ஒன்று விடாமல் காட்டுகிறான். தீர்க்கதரிசி மறுபடியும் வந்து, இதெல்லாம் ஒருநாள் அந்த ஊருக்கே அள்ளிக்கொண்டு போகப்படும், உன் பிள்ளைகளும்கூட என்கிறார். ராஜாவோ, நல்லது, என் காலத்தில் சமாதானம் இருந்தால் போதும் என்கிறான்.

எஸ்டேட்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தையலைப் பிடித்துக்கொண்டார்.

"யாரு வந்தாலும் அறையத் தெறந்து காட்டுவாராமே. பிள்ளையப் பத்திக்கூட ஒரு கவலை இல்லியே அந்த மனுசனுக்கு."

எனக்கு உள்ளுக்குள் ஒரு தெம்பு வந்தது. மனைவியிடம் திரும்பி, அப்படியானால் மனுஷன் கொஞ்சம் கவலைப்படலாம்தானே என்று கேட்டேன்.

"கொஞ்சம்னா கொஞ்சம்" என்றாள். "வாசிங்க. அதிகாரம் முடியல்ல."