கண் பார்த்ததும் புத்தி சொன்னதும்

எங்கள் தொழிலில் காரணத்தை யோசித்து முடித்துவிட்டு விசில் ஊத முடியாது. மாமல்லபுரம் கடற்கரையில் லைஃப் கார்டாக நிற்கிறேன். தபால் வழியில் எம்.ஏ. தத்துவம் படிக்கிறேன். வேலையோடும் பாடத்தோடும் சேர்த்து மாரடிக்கிறவர்களுக்கு என் பாடு புரியும்.

பளிச்சென்று தெரிவது

உள்ளுணர்வு என்றால் பல்லி சகுனம் போன்ற சமாச்சாரம் என்று நினைத்திருந்தேன். பகுத்தறிவைத் தலைமேல் வைத்த தத்துவக்காரர்கள் அப்படிச் சொல்லவில்லை. ஒரு விஷயம் புத்திக்குச் சந்தேகமே இல்லாமல் பளிச்சென்று தெரிவதுதான் உள்ளுணர்வாம். முக்கோணத்துக்கு மூன்று பக்கம் என்பதைப் போல.

படூர் அடுக்குமாடியிலிருந்து வந்த இன்ஜினியர் ஒருவர், இரண்டு பக்கமும் அலை புரள, நடுவில் தட்டையாகக் கிடந்த தண்ணீரில் மகளை இறக்கினார். கரைக்கு வந்த தண்ணீரெல்லாம் சேர்ந்து கடலுக்குத் திரும்புகிற வழி அதுதான். ஆளையும் இழுத்துக்கொண்டு போய்விடும். ஓடிப்போய் இருவரையும் வெளியேற்றினேன். அவருக்கு ஒரே கோபம். "அலையே இல்லாத இடத்துல எப்படி சார் ஆபத்து வரும்? கொஞ்சம் லாஜிக்கா பேசுங்க."

ஒதுக்கி வைப்பது

அடுத்த பாடம் நிகழ்வியல், அதாவது ஃபினாமினாலஜி என்கிற தத்துவப் பிரிவு. இந்தப் பிரிவுக்காரர்களுக்கு உள்ளுணர்வு என்பது பொருளையே நேருக்கு நேர் காண்பது. அதற்கு முன்னால், ஏற்கெனவே தெரியும் என்று நாம் நினைப்பதையெல்லாம் ஒதுக்கி வைக்க வேண்டும். மூன்று முறை படித்தும் பிடிபடவில்லை.

என்னோடு நிற்கும் தேசிங்கு என் வயதுக்காரன், புதுப்பட்டினத்தில் மீன்பிடித்தவன். இருநூறு தலைகளுக்கு நடுவில் மூழ்கப்போகும் தலையை முன்கூட்டியே காட்டிவிடுவான். எப்படி என்று கேட்டேன். "இன்னா நடக்கும்னு நீயே முடிவு பண்ணிகினு பாக்குற. அத்த வூட்ல வச்சிட்டு வா மச்சான், அப்பால தண்ணி தெரியும்."

கத்தாத வாய்

அன்றைக்கு தேசிங்கு சாப்பிடப் போயிருந்தான். மார்பளவு தண்ணீருக்கு அப்பால் ஒருவர், கரையைப் பார்த்து நிற்கிறாற்போல் இருந்தார். வாய் தண்ணீருக்குள் போவதும் வெளியே வருவதுமாக இருந்தது. எனக்குத் திக்கென்றது. ஆனால் நான் படித்தவன் அல்லவா? மூழ்குகிறவன் கத்துவான், இவர் கத்தவில்லை, ஆகவே மூழ்கவில்லை. ஒவ்வொரு படியும் பளிச்சென்று இருந்தது. மூழ்குகிறவர் கத்தி நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை என்பது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை. மூச்சுக்குத் தவிக்கிற வாயால் கத்த முடியாது.

தலை மறைந்த பிறகுதான் ஓடினேன். கரையில் கிடத்தி நெஞ்சை அமுக்கிக்கொண்டே இருந்தேன்; ஆம்புலன்ஸில் வந்தவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். அந்த முகத்தை நான் பார்த்தேன், பார்த்தும் நின்றேன். இதை எந்தப் பாடத்தின் மேலும் தள்ளிவிட எனக்கு வழியில்லை.

இறந்தவரின் மனைவி செங்கல்பட்டிலிருந்து அவரோடு வந்தவர். அழவில்லை. என்னிடம் வந்து நின்றார். "எங்க வூட்டுக்காரரு உங்களயேதான் சார் பாத்துகினு இருந்தாரு."

வீணாக விசில் ஊதித் தொலைக்கிறான் என்று தினம் நாலு பேராவது திட்டினால்தான் இப்போதெல்லாம் எனக்குச் சோறு இறங்குகிறது.