உறவா என்று கேட்டார்

சுவிஸில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லோரும் வணக்கம் சொல்வார்கள். யாருக்கு யார் என்ன உறவு என்று எவரும் கேட்பதில்லை. மட்டக்களப்பில் அதைக் கேட்காமல் பேச்சே தொடங்காது. இங்கே என்னிடம் அதைக் கேட்டவர் ஒரேயொருவர், குழந்தை மருத்துவர். அவரிடம் நான் பொய் சொன்னேன்.

என் தங்கை நாவற்குடாவில் பிறந்து வாகரையில் வாழ்க்கைப்பட்டவள். மகள் பிறந்தபோது என் கையில் கிடத்தி, "இந்தாங்க அண்ணன், உங்கட மருமகள். மறுகா, வளந்த பிறகு, வேணாமெண்டு சொல்லப்படாது" என்று சிரித்தாள். அடுப்பில் வாவி நண்டு கொதித்த மணம் இன்னும் மூக்கில் நிற்கிறது. சுனாமி தங்கையைக் கொண்டுபோனது. கடல்நீரைக் குடித்துத் தப்பிய மகளை என் மகனுக்குக் கட்டிவைத்து இங்கே அழைத்தேன். உரிமைப் பெண், ஊரே வாழ்த்தியது.

தொலைக்காட்சியில் யுத்தம் முடிந்துகொண்டிருந்த நாட்களில் பேரனுக்கு ஓயாத காய்ச்சல், கைகால்கள் விறைத்தன. மொழிபெயர்க்க நான் போனேன். "பெற்றோர் இரத்த உறவினரா?" என்றார் மருத்துவர். ஊரில் கிரான் பள்ளியில் விஞ்ஞானம் படிப்பித்த எனக்கு, ஏன் கேட்கிறார் என்று தெரியும். எங்களைக் கேவலமாக நினைப்பாரோ என்ற வெட்கத்தில், இல்லை என்று ஜெர்மனில் "நைன்" என்றேன். அதை நம்பி, கருவில் தொற்றிய வைரஸை மாதக்கணக்கில் தேடினார்கள். மருமகள் ஒருநாள் கேட்டாள்: "மாமா, அண்டைக்கு நான் குடிச்ச கடல் தண்ணியாலயா இது?"

மறுநாளே மருத்துவரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை, பரம்பரையலகுப் பரிசோதனைக்கு இரத்தம் அனுப்பினார். டி.என்.ஏ.யோடு ஒட்டிக்கிடக்கும் ஆர்.என்.ஏ.யை வெட்டி அகற்றும் நொதியம் ஒன்று பிள்ளையிடம் சரியாக இல்லை. அகலாத சொந்தத் துண்டுகளை அந்நிய வைரஸ் என்று எண்ணி உடல் தன்னையே தாக்குகிறது. அந்தப் பழுது தாய்வழியும் தந்தைவழியும் வந்திருந்தது, இரண்டும் எங்கள் வீட்டிலிருந்தே. முன்பே தெரிந்திருந்தாலும் குணமாக்க மருந்தில்லை என்றார். ஆனால் மருமகள் தன்னையே நொந்து அழுத மாதங்கள் என்னால் வந்தவை.

அவளிடமும் சொன்னேன். பிள்ளையின் விறைத்த கால்களை நீவிக்கொண்டே பேசினாள். "கட்டி வெச்சது பிழையில்ல மாமா. அம்மாவும் அதத்தான் ஆசைப்பட்டவ. எங்கள ஆரோ எவரோ எண்டு சொன்னீங்களே, அதுதான்."

இப்போது என்னை மொழிபெயர்க்க அழைப்பதில்லை. போன கிழமை அடுத்த பிள்ளை பற்றி ஆலோசனை கேட்க என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தவள், பேரனை என் மடியில் கிடத்திவிட்டுத் தனியாக உள்ளே போனாள். கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை. மொழிபெயர்க்கும் பெண்ணின் யாழ்ப்பாணத் தமிழ் தொலைபேசியில் அதே கேள்வியைக் கேட்டது.

"ஓம், என்ட சொந்த மாமாட மகன்" என்றாள் மருமகள்.

பேரன் என் தங்கையின் கண்களால் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமாவும் இஞ்சையே இருக்கிறார்?" என்று கேட்டது அந்தக் குரல்.

"ஓம். வெளியில இருக்கார்."