பொட்டலத்தின் பின்பக்கம்

சூப்பர் மார்க்கெட் என்பது சரக்கின் முன்பக்கத்தை ஜனங்களைப் பார்க்கத் திருப்பி வைக்கும் தொழில். ரெட்டியார்பாளையத்தில் ஒரு கடையில் அந்தத் திருப்பும் வேலையைத்தான் நான் செய்கிறேன். என் பொறுப்பில் இருப்பது ஆரோக்கிய அலமாரி: பச்சைப் பொட்டலங்கள், இலைப் படம், இதயப் படம். எனக்கும் சர்க்கரை உண்டு. இதைப் படிக்கும் உங்களில் பலருக்கும் இருக்கும். ஆகவே முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், எதையும் பின்பக்கத்திலிருந்து படிக்கும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. நாவல்களுக்கு மட்டும் விலக்கு.

மைதா

முருகையன் அண்ணன், வேலை பார்த்த மில் மூடியபின், பக்கத்து அபார்ட்மென்டில் வாட்ச்மேன். சர்க்கரைக்காரர். ஒருநாள் ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என்று போட்ட பிஸ்கட்டை எடுத்தார். நான் பொட்டலத்தைத் திருப்பி, எது அதிகமோ அதைத்தான் முதலில் அச்சடிப்பார்கள் என்று விளக்கினேன். முதலில் இருந்தது மைதா. உள்ளே போனால் அதுவும் சர்க்கரைதான் என்றேன். கணக்கு வாத்தியாரைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

“சக்கரை இல்லன்னு போட்டிருக்கான் சார். பொய் சொல்றதுக்கு அவன் என்னா எனக்கு மாமனா, மச்சானா?”

இரண்டு பிஸ்கட்

அடுத்த வாரம் அவர் மனைவி செல்வி வந்தார். சாதா பிஸ்கட் என்றால் பயந்து பயந்து ஒன்று எடுக்கும் அண்ணன், இப்போது பாக்கெட்டையே காலி செய்கிறாராம். சர்க்கரைதான் இல்லையே, அப்புறம் என்ன பயம்? மறுபடியும் நான் பின்பக்கத்துக்குப் போனேன். அங்கே காட்டியிருந்த கணக்கெல்லாம் ஒரு வேளைக்கு இரண்டு பிஸ்கட் தின்பவருக்கு. அதைச் சுட்டிக்காட்டினேன்.

“ரெண்டு துண்றவனுக்கு எதுக்கு சார் இவ்ளோ நீட்டு பாக்கெட்டு?”



நண்பன்

ஒரு ஞாயிற்றுக்கிழமை சிறுதானிய மாவுக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி மேஜை போட்டு, குட்டி அடைகளை இலவசமாகக் கொடுத்தார். பொட்டலத்தின் நெற்றியில் ‘சர்க்கரையைக் கட்டுப்படுத்த உதவும்’, அதன்கீழ் ‘சர்க்கரைக்காரர்களின் நண்பன்’. முருகையன் அண்ணன் அடையைச் சுவைத்துவிட்டு, மாவோடு பில் போடப் போய்விட்டார். எதை வைத்து இப்படிப் போடுகிறீர்கள் என்று பிரதிநிதியைக் கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

“நண்பன்னுதான் சார் போட்டிருக்கோம். டாக்டர்னு போடலையே.”

கட்டை விரல்

மழைக்காலத்தில் செல்வி பிளாஸ்திரி வாங்க வந்தார். அண்ணனுக்குச் செருப்பு கடித்துக் கட்டை விரலில் புண். ஆறாமல் கறுத்துக்கொண்டு வருகிறது. ஆஸ்பத்திரிக்குப் போனால் விரலை எடுத்துவிடுவார்கள் என்று போக மறுக்கிறார். மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்டேன். நிறுத்திவிட்டாராம். மாவும் சர்க்கரையை இறக்கும், மாத்திரையும் இறக்கும், இரண்டும் சேர்ந்தால் ஒரேயடியாக இறங்கி மயக்கம் வந்துவிடும் என்பது அவர் கணக்கு.

வேலை முடிந்ததும் அவரிடம் ஓடினேன். மாவுப் பொட்டலத்தின் அடிமடிப்பில் எறும்பு ஊர்ந்ததுபோல ஒரு வரி: ‘இது மருந்துக்கு மாற்று அல்ல.’ போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

“முக்கியமான விஷயம்னா இவ்ளோ சின்னதாவா போடுவான்?”

அட்டை

அன்றுதான் எனக்குப் புத்தி வந்தது. மறுநாள் ஒரு பச்சை அட்டையில் கொட்டை எழுத்தில், ‘மாத்திரையை நிறுத்தாதீர். காலில் புண்ணா? இன்றே ஆஸ்பத்திரி’ என்று எழுதி, இலையும் இதயமும் வரைந்து மாவுக்கு மேலே தொங்கவிட்டேன். இலையைப் பார்த்த மேனேஜர் அதைக் கம்பெனி விளம்பரம் என்று நினைத்து விட்டுவிட்டார்.

மாவு வாங்க நொண்டிக்கொண்டு வந்த முருகையன் அண்ணன், அட்டையை வாய்விட்டுப் படித்தார். மாவை எடுக்காமலே போனார். பிறகு அவரைப் பார்த்தபோது காலில் பெரிய கட்டு. நகம் போனது, விரல் தப்பியது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் எடுத்திருப்பார்களாம். மாத்திரையை மறுபடி ஆரம்பித்துவிட்டார். என் தோளில் கை வைத்து, தணிந்த குரலில் புத்தி சொன்னார்.

“கம்பெனிக்காரனே பெருசா போட்டுட்டான் சார். நீயும் அந்தப் பொடி எழுத்தயே நோண்டிக்கினு இல்லாம, மாத்திரையை ஒழுங்கா போடு.”

இத்தனை வருஷம் பின்பக்கம் படித்த நான் ஒரு விரலைக் காப்பாற்றியது முன்பக்கம் எழுதித்தான். நல்லவேளை, பின்பக்கம் ஒன்றுமே எழுதாத அந்த அட்டையை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை.